சேர்வராயன் மலையில் மண்கண்டம்: குழி வெட்டுவது முதல் ஆய்வக எண்ணைப் படிப்பது வரை

உரப் பரிந்துரைக்கு எடுக்கும் மண் மாதிரி வேறு. ஒரு மண் எந்த வகை என்று தீர்மானிக்க எடுக்கும் மாதிரி வேறு. முன்னதற்கு வயலில் 10, 15 இடங்களில் ‘வி’ போல வெட்டி, 15 செ.மீ ஆழம் வரை சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, கால்பங்கிட்டு, அரைக் கிலோ கொடுத்தால் போதும். அந்த வெள்ளாமைக்கு எவ்வளவு தழைச்சத்து, எவ்வளவு மணிச்சத்து என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்கும். அந்தப் பையை வைத்துக்கொண்டு “இது என்ன மண்?” என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. கலக்கும்போதே அடுக்குகள் அழிந்துவிட்டன.

சேலத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. ஓமலூர் பக்கத்து மானாவாரிச் செம்மண்ணும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துச் செம்மண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலச் சிவக்கும். இரண்டுக்கும் நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடுதான். ஆனால் முன்னதை ஒன்றரை முழம் தோண்டினால் சுக்கான்கல் தட்டுப்படலாம், அமிலம் விட்டால் பொங்கும். பின்னதில் சுண்ணாம்பு என்பதே இருக்காது, கீழே போகப் போகப் புளிப்பு கூடும். நிறத்தை வைத்துப் பெயர் சூட்டியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மண்கண்டத்தை, அதாவது குழிச்சுவரில் மேலிருந்து கீழாகத் தெரியும் மண் அடுக்குகளை, கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பும் ஆய்வக அறிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைப் படித்தால் தப்பு வரும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் பிரியாமல் கொண்டுபோவதற்கான வழி.

இடம் தேடுவது

முதலில் தாய்ப்பாறை. சேர்வராயன் மலையின் உடம்பு பெரும்பாலும் சார்னோகைட். உச்சிச் சமவெளிகளில் அதன் மேல் பாக்சைட் என்ற அலுமினியத் தாது தொப்பி போலக் கிடக்கிறது. மலையை விட்டு இறங்கிச் சேலத்துக்கு வடக்கே வந்தால் சுண்ணாம்புக் குன்று போல வெளுத்துத் தெரியும் மேடுகளில் இருப்பது சுண்ணாம்பு அல்ல. ஊரில் வெள்ளைக்கல் என்று சொல்லும் மாக்னசைட், டியூனைட் என்ற கரும்பாறையில் நரம்பாக ஓடுவது. மேற்கே கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது. 30 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இத்தனை பாறை இருப்பதால், “சேலத்து மண்” என்று ஒரே வகையாகப் பேசுவது பொருந்தாது.

மண் சரிவைப் பின்தொடர்ந்து மாறும். ஆகவே ஒரே குழி வெட்டாமல், ஒரே சரிவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள்: முகடு, நடுச்சரிவு, அடிச்சரிவு, பள்ளம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் கையில் இருந்தால் சமஉயரக் கோடுகளைப் பார்த்தே கோட்டைத் தேர்ந்துவிடலாம். அந்தக் கோட்டில் 50 மீட்டருக்கு ஒரு இடம் என்று மண் துளைப்பானால் ஒரு மீட்டர் வரை துளைத்துப் பாருங்கள். நிறமும் ஆழமும் சரளையும் எங்கே மாறுகின்றன என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் குழி வையுங்கள். எல்லைக்கோட்டின் மேல் வெட்டிய குழி இரண்டு மண்ணையும் காட்டாது.

அடிவாரத்திலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய கரைகள் ஏராளம். மண் எப்படி மாறுகிறது என்று ஒரு நாளில் பார்த்துவிட அவை உதவும். மாதிரி மட்டும் அங்கே எடுக்காதீர்கள். வெயிலில் காய்ந்து இறுகி, மழையில் மேல்மண் வழிந்து பூசி, தார் தூசி படிந்த முகம் அது. வேறு வழியே இல்லையென்றால் குறைந்தது 30 செ.மீ உள்ளே செதுக்கி, ஈரமான புது மண் தெரிந்த பிறகு எடுங்கள்.

காப்பித் தோட்டத்தில் இடம் பார்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். செடிக்கடியில் போட்ட உரம், தொழுவுரக் குவியல், சுண்ணாம்பு தூவிய பாத்தி, நீர் சேமிக்கத் தோண்டி மூடிய பழைய குழி, ஆள் நடக்கும் தடம் இவற்றை விலக்குங்கள். நாலு செடிக்கு நடுவில், வேலை நடந்த அடையாளமில்லாத இடம் நல்லது. கல்லணை கட்டிப் படி போட்ட தோட்டமென்றால் ஒவ்வொரு படியின் வெளி ஓரமும் கொண்டுவந்து நிரப்பிய மண். உள் ஓரமோ மேல்மண் வெட்டி எடுக்கப்பட்டது. இரண்டும் வேண்டாம். படி போடாத சரிவு அதே தோட்டத்தில் எங்காவது இருக்கும், அதைத் தேடுங்கள்.

பட்டா நிலமென்றால் உரிமையாளரிடமும், காப்புக் காடென்றால் வனத்துறையிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரி, பிப்ரவரியில் வெட்டுவது நல்லது. மண் ஈரமாக இருக்கும், சேறாக இருக்காது. ஏப்ரலில் வெட்டினால் சமவெளிச் செம்மண் கடப்பாரைக்கே தீப்பொறி காட்டும், அடுக்கு எல்லையும் மங்கிப்போகும்.

குழி

நீளம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர், ஆழம் 1.8 மீட்டர் அல்லது பாறை தட்டும் வரை. இரண்டு ஆள் ஒரு நாள் வேலை. கடப்பாரை, மண்வெட்டி, கூர்முனைக் கொத்து, பாண்டு, டேப், கத்தி, மெல்லிய தூரிகை, பத்து மடங்கு காட்டும் கைலென்சு, நீர்த் தெளிப்பான், மன்செல் நிற அட்டை, 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள சொட்டுப் புட்டி, காந்தம், பாலித்தீன் பைகள், பென்சில் இவை கையில் இருக்கட்டும்.

சரிவில் குழியின் மேட்டுப்பக்கச் சுவரே நீங்கள் படிக்கப்போகும் முகம். வெட்டிய மண்ணை அந்தப் பக்கம் ஒரு கைப்பிடி கூடப் போடக்கூடாது, அங்கே நிற்கவும் கூடாது. மிதித்தால் மேலடுக்கின் அடர்த்தி மாறிவிடும், கொட்டினால் முகத்தில் வழியும். மேல்மண்ணை ஒரு பக்கவாட்டிலும் அடிமண்ணை மறு பக்கவாட்டிலும் தனித்தனியாகக் குவியுங்கள். எதிர்ப்பக்கத்தில் இறங்கி ஏற இரண்டு மூன்று படி விட்டு வெட்டுங்கள்.

ஆழம் ஏன் 1.8 மீட்டர் என்று கேட்பார்கள். அமெரிக்க மண் வகைப்பாட்டு முறையில் ஆல்ஃபிசால், அல்டிசால் என்ற இரண்டு வகைகளைப் பிரிப்பது ஆழத்தில் உள்ள காரக் கனிம நிறைவு, அதாவது மண் அயனிகளைப் பிடித்துவைக்கும் இடத்தில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் என்ற நாலும் நிரப்பியிருக்கும் பங்கு. களி சேர்ந்த அடுக்கின் மேல்விளிம்பிலிருந்து 125 செ.மீ கீழே, அல்லது தரையிலிருந்து 180 செ.மீ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அந்த ஆழத்து எண் வேண்டும். அதற்கு முன்பே கெட்டிப்பாறை வந்தால் பாறைக்குச் சற்று மேலே உள்ள மண்ணின் எண். ஒரு மீட்டரோடு குழியை நிறுத்திவிட்டு, மற்ற எல்லாப் பரிசோதனைக்கும் செலவழித்த பிறகு, கடைசியில் பெயர் வைக்க ஒரு மாதிரி இல்லாமல் நிற்பது பரிதாபம். குழியை அவ்வளவு ஆழப்படுத்த முடியாவிட்டால், குழியின் தரையிலிருந்து துளைப்பானை இறக்கி அந்த மாதிரியை எடுத்துவிடுங்கள்.

ஈரம் மிகுந்த பள்ளத்து மண்ணில் 1.2 மீட்டருக்குக் கீழே சுவர் சரியலாம். தனியாக ஒருவர் உள்ளே இறங்க வேண்டாம். ஒரே நாளில் முடியாமல் போனால் முள்வேலி வைத்து மூடிவிட்டு வாருங்கள். மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு.

முகத்தைப் படிப்பது

மண்வெட்டி பட்ட சுவர் வழவழவென்று பூசியதுபோல இருக்கும். அதில் எதுவும் தெரியாது. கத்தியின் நுனியால் மேலிருந்து கீழாக, சிறு சிறு கட்டியாகப் பெயர்த்து எடுங்கள். அறுக்காதீர்கள், நெம்புங்கள். மண் தன் இயல்பான விரிசலில் உடையும்போதுதான் கட்டமைப்பு கண்ணுக்கு வரும். டேப்பைத் தொங்கவிட்டுப் படம் எடுத்த பிறகு அடுக்குகளைக் குறியுங்கள்.

எல்லை எவ்வளவு தடிமனில் மாறுகிறது என்பதையும் எழுதுங்கள்: 2 செ.மீக்குள் மாறினால் சடுதி, 2 முதல் 5 தெளிவு, 5 முதல் 15 படிப்படி, அதற்கு மேல் மங்கல். மலைச் சரிவில் பெரும்பாலும் படிப்படியாகவே மாறும். சடுதியாக மாறினால் சந்தேகப்படுங்கள். உழுத ஆழமாகவோ, மேலிருந்து சரிந்து வந்து மூடிய மண்ணாகவோ இருக்கலாம். வெங்கச்சங்கல் வரிசையாக ஒரு கோடு ஓடினால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள மண் வேறு இடத்திலிருந்து வந்தது என்பதற்கு அதுவே பெரும்பாலும் முதல் சாட்சி.

நிறத்தை ஈரமான புது உடைப்பில் பாருங்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சில்வர் ஓக் நிழலில், காப்பி இலைகளுக்கு நடுவில் விழும் வெளிச்சம் பச்சை கலந்தது. அதில் பார்த்தால் மன்செல் அட்டைப்படி 2.5 ஒய்ஆர் என்று எழுத வேண்டிய சிவப்பை, மஞ்சள் கூடிய 5 ஒய்ஆர் என்று எழுதிவிடுவீர்கள். கட்டியை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு திறந்த வானத்துக்கு வாருங்கள், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அட்டையைப் பாருங்கள். மாலை நாலு மணிக்கு மேலும் மூடுபனியிலும் நிறம் பார்க்க வேண்டாம்.

நயத்தை, அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்திருக்கும் விதத்தை, கையிலேயே அறியலாம். நெல்லிக்காய் அளவு மண்ணில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, கல் பொறுக்கி எறிந்துவிட்டு, ஒரு நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ ஆவதற்குள் அறுந்தால் பொறை, 5 செ.மீ வரை போனால் களிப்பொறை, அதற்கு மேல் நின்றால் களி. மலைச் செம்மண்ணை ஒரு நிமிடத்தோடு விடாதீர்கள், மூன்று நிமிடம் பிசையுங்கள். இரும்பு ஆக்சைடு களித்துகள்களை ஒட்டிப் பொய் மணலாக்கி வைத்திருக்கும். தொடக்கத்தில் மணல் போல நெருடிய மண் பிசையப் பிசையக் களியாக மாறுவதை விரலே சொல்லும். அப்படி மாறியதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள், ஆய்வக எண் வரும்போது அது தேவைப்படும்.

அடுத்து கைலென்சு. பட்டாணி அளவுக் கட்டியை உடைத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். கட்டியின் மேற்புறத்திலும் வேர் போன துளையின் உட்சுவரிலும், உள்மண்ணைவிடச் சற்றுக் கறுத்து மெழுகு பூசினாற்போல மினுங்கும் மெல்லிய தோல் தெரிந்தால், மேலிருந்து நீரோடு இறங்கிய களி அங்கே படிந்திருக்கிறது. களித்தோல் என்பது இதுதான். அபிரகம் மினுங்குவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அபிரகம் புள்ளிப் புள்ளியாக மின்னும், கட்டியைத் திருப்பினால் மறையும். களித்தோல் பரவலாக இருக்கும், ஊசியால் சுரண்டினால் செதிலாக வரும், மணல் துகளை மூடியிருக்கும்.

அமிலச் சொட்டை ஒவ்வொரு அடுக்கிலும், பொடிமண்ணுக்கும் கல்லுக்கும் தனித்தனியாக விடுங்கள். சுக்கான்கல் உடனே நுரைத்துப் பொங்கும். வெள்ளைக்கல் மேடுகளின் பக்கம் வேலை செய்பவர்கள் இதை மறக்கக்கூடாது: மாக்னசைட் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் பொங்காது. பொடித்துச் சூடாக்கினால்தான் குமிழி விடும். “பொங்கவில்லை, கார்பனேட் இல்லை” என்று அங்கே எழுதினால் தப்பு. வெள்ளைத் துணுக்கு தெரிந்தும் நுரை வராவிட்டால், பொடித்துச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கிப் பாருங்கள்.

வேரின் அளவும் ஆழமும், புழுத்துளை, சரளை எத்தனை விழுக்காடு, காந்தத்தில் ஒட்டும் மணல் உண்டா, மங்கல் புள்ளிகள் உண்டா, சரிவு எத்தனை பாகை, ஆயத்தொலை இவற்றையும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் மாதிரிக்குப் போக வேண்டும்.

மாதிரி எடுப்பது

கீழிருந்து மேலே. மேலடுக்கை முதலில் எடுத்தால் உதிரும் மண் கீழடுக்கின் மேல் விழுந்து கலக்கும். அங்ககக் கரிமம் கீழே திடீரென்று கூடிக் காட்டும் அறிக்கைகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

பாண்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, அடுக்கின் முழு உயரத்திலும் முழு அகலத்திலும் ஒரே தடிமனில் செதுக்கி விழவிடுங்கள். நடுவில் மட்டும் ஒரு கை எடுப்பது கூடாது. எல்லையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித் தொடங்குங்கள். 40 செ.மீக்கு மேல் தடிமனான அடுக்கை இரண்டாகப் பிரியுங்கள். அடுக்குக்கு ஒன்றரைக் கிலோ, சரளை பாதிக்கு மேல் இருந்தால் மூன்று கிலோ. இரட்டைப் பையில் போட்டு, இரண்டு சீட்டு வையுங்கள்: ஒன்று இரு பைகளுக்கும் நடுவில், மற்றது வெளியே கட்டி. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறி ஓடிவிடும். குழி எண், அடுக்கு, ஆழம், தேதி இவ்வளவு இருந்தால் போதும்.

பரும அடர்த்திக்குத் தனி வேலை. உள்விட்டம் 5 செ.மீ, உயரம் 5 செ.மீ உள்ள வளையத்தின் கொள்ளளவு 98.2 கன செ.மீ. ஒவ்வொரு அடுக்கிலும் சிறு தட்டு வெட்டி, வளையத்தை மேலிருந்து கீழாக, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி இறக்குங்கள். வளையத்துக்குள் மண் மட்டம் வெளியைவிடத் தாழ்ந்திருந்தால் அமுங்கிவிட்டது, எறிந்துவிட்டு வேறு எடுங்கள். அடுக்குக்கு மூன்று. 105 பாகை செல்சியசில் 24 மணி நேரம் உலர்த்திய எடை 118 கிராம் என்றால் அடர்த்தி 118 ÷ 98.2 = 1.20.

சரளை மண்ணில் வளையம் இறங்காது. அங்கே 10 செ.மீ குழி ஒன்று தோண்டி, எடுத்த மண் முழுவதையும் சேர்த்துவைத்து, குழிக்குள் மெல்லிய பாலித்தீன் தாளைப் படியவைத்து, அளவு உருளையால் நீர் ஊற்றுங்கள். விளிம்பு மட்டம் வரை எத்தனை மி.லி பிடித்ததோ அதுவே கொள்ளளவு. உலர்த்திச் சலித்துக் கல்லின் எடையையும் கொள்ளளவையும் கழித்துவிட்டால் பொடிமண்ணின் அடர்த்தி கிடைக்கும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் அடிச்சரிவுச் சரளை மண்ணுக்கு நம்பக்கூடிய எண் இப்படித்தான் வரும்.

எல்லாம் முடிந்த பிறகு அடிமண்ணை முதலில் தள்ளி, மேல்மண்ணைக் கடைசியில் போட்டுக் குழியை மூடுங்கள். மாற்றிப் போட்டால் அந்த இடத்தில் பல வருடம் செடி தேறாது. நிலத்தைக் கொடுத்தவருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அது.

உலர்த்துவதும் சலிப்பதும்

நிழலில், தாள் விரித்து, மெல்லியதாகப் பரப்ப வேண்டும். ஏற்காட்டு மூடுபனியில் வாரக்கணக்கில் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும், அதற்குள் தழைச்சத்து எண் மாறிவிடும். அன்றே சேலத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள். வெயிலிலோ அடுப்பிலோ காயவைக்க வேண்டாம்.

மரச்சுத்தியலால் கட்டியை உடையுங்கள், கல்லை நசுக்காதீர்கள். மலை மண்ணில் செங்கல் நிறத்தில் மெத்தென்ற இரும்பு முடிச்சுகள் இருக்கும். ஓங்கித் தட்டினால் பொடியாகி, இல்லாத களியையும் இரும்பையும் எண்ணில் சேர்க்கும். 2 மி.மீ சல்லடையில் சலித்து, மேலே நின்றதைக் கழுவி உலர்த்தி எடை போட்டு எழுதுங்கள். துத்தநாகம், தாமிரம் பார்க்கப்போகிறீர்கள் என்றால் பித்தளைச் சல்லடை ஆகாது, நைலான் வலையோ எவர்சில்வரோ வேண்டும். அங்ககக் கரிமத்துக்கு மட்டும் ஒரு பங்கை 0.5 மி.மீ சல்லடை முழுக்க இறங்கும்படி அரைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில்

கார அமில நிலைக்கு (பிஎச்) 20 கிராம் மண், 50 மி.லி வாலைவடிநீர், அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கலக்கல். மீட்டரை மலை மண்ணுக்கு 4.0, 7.0 கரைசல்களாலும், சமவெளி மண்ணுக்கு 7.0, 9.2 கரைசல்களாலும் சரிசெய்யுங்கள். நீரில் பார்த்ததோடு நிறுத்தாமல் 1 நார்மல் பொட்டாசியம் குளோரைடிலும் ஒரு முறை பாருங்கள். பெரும்பாலான மண்ணில் இந்த எண் நீரில் வந்ததைவிடக் குறையும். பாக்சைட் தொப்பியின் அடிமண்ணில் இரண்டும் நெருங்கினாலோ தலைகீழானாலோ மீட்டரைப் பழிக்க வேண்டாம். அலுமினியம், இரும்பு ஆக்சைடு மிகுந்து, மண்ணின் மின்னேற்றமே நேர்மின் பக்கம் சாய்ந்ததன் அடையாளம் அது.

அங்ககக் கரிமத்துக்கு வாக்லி, பிளாக் 1934-இல் சொன்ன முறைதான் இன்றும் நம் ஆய்வகங்களில் ஓடுகிறது. 1 கிராம் மண்ணில் 10 மி.லி 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட், பின் 20 மி.லி அடர் கந்தக அமிலம், 30 நிமிடம் சும்மா வைத்து, 200 மி.லி நீர், 10 மி.லி பாஸ்பாரிக் அமிலம், 1 மி.லி டைபினைலமீன். 0.5 நார்மல் பெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் தரம் பார்க்கும்போது கருநீலமாக இருந்தது ஒரே சொட்டில் பளிச்சென்று பச்சையாகும். காப்பித் தோட்டத்து மேல்மண்ணில் 1 கிராம் எடுத்தால் பிசகும். அமிலம் விட்டவுடனே குடுவை பச்சையாகத் திரும்பினால் டைகுரோமேட் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று பொருள், வரும் எண் குறைவாகவே இருக்கும். 0.25 கிராம் எடுத்து மறுபடி செய்யுங்கள். தீ வைத்த சரிவில் கரித்துண்டு கலந்தாலும் எண் கெடும். டைகுரோமேட் நஞ்சு. கையுறை அவசியம், கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாத்திரத்தில் சேருங்கள்.

இனி நயம். பிப்பெட் முறையில் களித்துகள் 10 செ.மீ இறங்கும் நேரம் நீரின் சூட்டைப் பொறுத்தது: 20 பாகையில் 8 மணி, 25-இல் 7 மணி 6 நிமிடம், 30-இல் சுமார் 6 மணி 22 நிமிடம். சேலத்தில் மே மாதத்தில் 20 பாகை அட்டவணையை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் காத்திருந்தால் களியில் ஒரு பங்கு பிப்பெட்டுக்குக் கீழே போய்விட்டிருக்கும். உருளைக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

மலைச் செம்மண்ணில் இதைவிடப் பெரிய பிசகு, களி பிரியாமல் நிற்பது. ஹைட்ரஜன் பெராக்சைடால் அங்ககப் பொருளை எரித்து, சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் போட்டு இரவு முழுக்கக் குலுக்கினாலும் இரும்பு ஒட்டிய துகள் விடாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: 15 பார் அழுத்தத்தில் மண் பிடித்துவைக்கும் நீரின் விழுக்காட்டைக் களி விழுக்காட்டால் வகுங்கள். 0.6-ஐத் தாண்டினால் களி முழுக்கப் பிரியவில்லை. அப்போது 15 பார் நீரிலிருந்து அங்ககக் கரிம விழுக்காட்டைக் கழித்து 2.5-ஆல் பெருக்கினால் களியின் உத்தேச அளவு வரும். குழியில் நீங்கள் எழுதிவைத்த “பிசையப் பிசையக் களியானது” என்ற வரியோடு இது ஒத்துப்போகும்.

நேர்மின் அயனி மாற்றுத்திறனுக்கு, அதாவது மண் எவ்வளவு நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்க முடியும் என்ற அளவுக்கு, வழக்கமான முறை, நடுநிலை 1 நார்மல் அம்மோனியம் அசிடேட். இரண்டு இடத்தில் இது ஏமாற்றும். சுக்கான் மண்ணில் அசிடேட் சுண்ணாம்பையே கரைத்துவிடும், கால்சியம் ஏறி, காரக் கனிம நிறைவு 100-ஐத் தாண்டும். அங்கே மாற்றுத்திறனை 8.2 நிலையில் சோடியம் அசிடேட்டால் பாருங்கள். மலையின் புளிப்பு மண்ணில், மண் இருப்பது கார அமில நிலை 5-இல், பரிசோதனை நடப்பது 7-இல். மின்னேற்றம் செயற்கையாகக் கூடும். அதனால் பொட்டாசியம் குளோரைடில் வரும் அலுமினியத்தைத் தனியாக அளந்து, நாலு காரக் கனிமங்களோடு கூட்டி, மண் தன் நிலையிலேயே பிடித்துவைத்திருக்கும் அளவையும் எழுதுங்கள். மணிச்சத்துக்கும் இதே எச்சரிக்கை: புளிப்பு மண்ணுக்குப் பிரே முறை, சமவெளிக்கு ஆல்சன் முறை. மாற்றிச் செய்தால் எண் வரும், பொருள் இருக்காது.

எண்ணைப் படிப்பது

கணக்குக்காக ஒரு நடுச்சரிவுக் குழியை வைத்துக்கொள்வோம். மேலடுக்கில் களி 27, 45 முதல் 80 செ.மீ அடுக்கில் 41. விகிதம் 1.5. களி சேர்ந்த அடுக்கு என்று சொல்ல, மேலே களி 15-க்கும் 40-க்கும் நடுவில் இருந்தால் கீழே 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. தேறிவிட்டது. ஆனால் களித்தோல் குழியில் தெரிந்ததா? நடுவில் வெங்கச்சங்கல் கோடு ஓடியதா? கோடு இருந்தால் இந்த ஏற்றம் களி இறங்கியதால் வந்ததல்ல, இரண்டு வேறு மண் ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதால் வந்தது. களியை நீக்கிவிட்டு நுண்மணல், நடுமணல் விகிதத்தை இரண்டு அடுக்கிலும் ஒப்பிடுங்கள். வெகுவாக மாறினால் மண் இரண்டுதான்.

அதே அடுக்கில் மாற்றுத்திறன் 9. நூறு பங்கு களிக்கு 22. கயோலினைட் என்ற களிக்கனிமம் மிகுந்த முதிர்ந்த மண்ணின் பக்கம் இது. 16-க்குக் கீழே இறங்கினால் மண் இன்னும் தேய்ந்தது.

இனிப் பெயருக்கான 170 செ.மீ ஆழத்து (45 + 125) மாதிரி. அங்கேயும் மாற்றுத்திறன் 9, காரக் கனிமங்களின் கூட்டுத்தொகை 3.6 என்று வையுங்கள். 7 நிலை மாற்றுத்திறனால் வகுத்தால் 40 விழுக்காடு. பேரியம் குளோரைடால் 8.2 நிலையில் அளந்த புளிப்பு 9.4 என்றால் மொத்தம் 13, நிறைவு 28. அல்டிசால் என்று சொல்ல நிறைவு 35-க்குக் கீழே இருக்க வேண்டும், அதுவும் 8.2 முறையில். முறை எழுதாத அறிக்கையை வைத்துப் பெயர் சூட்டினால், இதே மண் ஒருவர் கையில் ஆல்ஃபிசால், மற்றவர் கையில் அல்டிசால். ஆய்வகத்தில் எண்ணோடு முறையையும் கேட்டு வாங்குங்கள்.

சரிபார்க்கச் சில கேள்விகள். மணலும் வண்டலும் களியும் கூட்டினால் 98-க்கும் 102-க்கும் நடுவில் நிற்கிறதா? நிலை 5 என்றும் சுண்ணாம்பு 4 விழுக்காடு என்றும் ஒரே வரியில் இருந்தால் பை மாறியிருக்கிறது. 90 செ.மீ ஆழத்தில் கரிமம் மேலடுக்கு அளவுக்கு இருந்தால், சரிவில் புதைந்த பழைய மேல்மண்ணா, சீட்டு மாறியதா என்று படத்தைப் பாருங்கள். மேலடுக்கில் மட்டும் தாமிரம் குவிந்திருந்தால் பாறையைக் காரணம் சொல்லாதீர்கள், காப்பி இலைத்துருவுக்கு வருடா வருடம் அடித்த, தாமிரம் உள்ள போர்டோ கலவை அது. வெள்ளைக்கல் பக்கம் நிக்கல், குரோமியம் கூடினால், டியூனைட் வகைப் பாறையின் மண்ணில் அவை இயல்பாகவே மிகும் என்பதை நினைவில் வைத்து, அடிமண்ணையும் தாய்ப்பாறையையும் சோதித்த பிறகே மாசு என்று எழுதுங்கள். அங்கே கால்சியத்தை மெக்னீசியம் மிஞ்சுவதும் இயல்பே. கஞ்சமலைப் பக்கம் காந்த மணல் கனமானது. துகள் அடர்த்தி 2.65 என்று எடுத்துக்கொண்டு துளையளவு கணக்கிட்டால் பிசகும், பிக்னோமீட்டர் என்ற அடர்த்திக் குடுவையில் அளந்துவிடுங்கள்.

கரிமச் சேமிப்பு கேட்பவர்கள் இப்போது நிறைய. கரிம விழுக்காடு × அடர்த்தி × செ.மீ தடிமன் என்றால் ஹெக்டேருக்கு டன். 3.2 × 1.05 × 15 = 50.4. கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு கல் என்றால் 40.3. கல்லைக் கழிக்காமல் சொன்ன எண்ணில் பத்து டன் வெறும் கல் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சரிவில் மேல்மண் அரித்துப்போன இடத்தில் களி அடுக்கே தரைமட்டத்தில் இருக்கும். அங்கே களி ஏற்றம் எண்ணில் தெரியாது, பெயர் தவறிப்போகும். அதற்காகத்தான் சரிவுக் கோட்டில் நாலு குழி. முகட்டுக் குழியின் மேலடுக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இழந்தது எவ்வளவு என்று தெரியும். மண் வரிசைக்கு, அதாவது ஒரே மாதிரி அடுக்குகள் உள்ள மண்களின் தொகுதிக்கு, பெயர் அது முதலில் விவரிக்கப்பட்ட ஊரின் பெயராக இருப்பது வழக்கம். புதுப்பெயர் வைப்பதற்கு முன், ஏற்கெனவே பதிவான வரிசைகளின் விவரத்தோடு அடுக்கு அடுக்காக ஒப்பிடுங்கள்.

பரிசோதனைக்குப் போக மிஞ்சிய மண்ணில் அடுக்குக்கு அரைக் கிலோவை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சீட்டை உள்ளேயும் வெளியேயும் வைத்து, குறிப்பேட்டின் நகலோடு ஒரே அலமாரியில் வையுங்கள். ஓர் எண்ணில் சந்தேகம் வந்தால் மறுபடி பார்க்க அந்த டப்பா வேண்டும். குழியை மூடியாயிற்று.